இலையும் எஃகும்: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் முகவர்வழி உழைப்பும் 'சுயதொழில்' என்னும் வகைப்பாடும் (1904–2025)

ஆய்வுச்சுருக்கம்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் உழைப்பாளருக்கும் வேலை கொடுப்போருக்கும் நடுவில் முகவர் ஒருவரை நிறுத்தும் வழக்கம் தோட்டத் தொழில், சுருட்டு, பீடி, கொதிகலன் உறுப்புகள் எனத் தொழில்கள் மாறியபோதும் தொடர்ந்துள்ளது. ஒவ்வொரு சட்டமும் இந்த நடு ஆளின் வடிவத்தை மாற்றியதே தவிர அவரை அகற்றவில்லை. இவ்வமைப்பில் பொருள், விலை, அளவு ஆகியவற்றைத் தாமே முடிவு செய்ய இயலாதவர்களும் புள்ளிவிவரங்களில் 'சுயதொழில் செய்வோர்' என்று பதிவாகின்றனர். நீதிமன்றம் தொழிலாளி என்று அறிந்தவரைக் கணக்கெடுப்பு சுயதொழிலர் என்று எண்ணுவதன் வரலாற்றுப் பின்னணியையும் பொருளாதார விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கங்காணி முறை, பீடித் தொழில், துணைத் தொழிற்கூடங்கள், ஒப்பந்தத் தொழிலாளர், சுயதொழில், திருச்சிராப்பள்ளி

முன்னுரை

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, மெயின்கார்டு கேட், தெப்பக்குளம் ஆகிய பகுதிகளைக் காண்போர்க்குத் திருச்சிராப்பள்ளி சிறு வணிகரின் நகரம் என்றே தோன்றும். தரைக்கடை வைத்திருப்பவர், பூக்கட்டுபவர், தள்ளுவண்டிக்காரர், காந்தி சந்தையில் மூட்டை இறக்குபவர் எனச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களே அங்கு மிகுதி. இவர்கள் அனைவரையும் 'சொந்தக் காலில் நிற்போர்' என்று போற்றுவதும், 'முறைசாராத் துறையினர்' என்று ஒரே சொல்லில் அடக்குவதும் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டன. இரண்டுமே ஒரு வேறுபாட்டை மறைக்கின்றன. தன் முதலைப் போட்டு, தான் விரும்பிய விலைக்கு விற்பவர் ஒருவகை. பிறர் தந்த மூலப்பொருளைப் பிறர் குறித்த கூலிக்கு உருமாற்றிக் கொடுப்பவர் மற்றொருவகை. பின்னவருக்கும் முன்னவருக்கும் பெயர் ஒன்றானது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

தேசிய அளவிலான எண்கள் இவ்வினாவின் எடையைக் காட்டும. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைப்போருள் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18-இல் 52.2 விழுக்காடாக இருந்து 2022-23-இல் 57.3 விழுக்காடாக உயர்ந்தது. இதே காலத்தில் மாதச் சம்பள வேலையின் பங்கு 22.8-இலிருந்து 20.9 விழுக்காடாகக் குறைந்தது. சுயதொழில் என்னும் தலைப்புக்குள் ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரின் பங்கு மட்டும் 13.6-இலிருந்து 18.3 விழுக்காடாகியுள்ளது. அதாவது, கூடுதலாகக் காட்டப்படும் சுயதொழிலின் பெரும்பகுதி கையில் காசு வராத உழைப்பாகும். தமிழ்நாட்டில் சுயதொழிலின் பங்கு நாட்டின் சராசரியைவிடக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் இங்குச் சம்பள வேலை என்று பதிவாவதன் உள்ளே ஒப்பந்தக்காரர் வழியாக வருவோர் எத்தனை பேர் என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

திருச்சியில் அமைந்த ஆள்சேர்ப்பு அலுவலகம்

முகவர்வழி வேலையைத் தாராளமயத்திற்குப் பிந்தைய புதுமையாகக் கருதும் போக்கு உண்டு. திருச்சிராப்பள்ளியின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இலங்கைத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியாவில் ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த 1904-இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியே. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகள் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய முதன்மை வட்டாரங்களாக இருந்தமையும், இருப்புப்பாதைகள் இந்நகரில் கூடியமையும் இத்தேர்வுக்குப் பொருத்தமாயின.

இவ்வமைப்பின் அச்சாணி கங்காணி. அவர் தோட்டத்தின் ஆளா, தொழிலாளர் குழுவின் தலைவரா, தனி வணிகரா என்பதற்கு ஒரே விடை இல்லை. அந்தத் தெளிவின்மையே அவருடைய வலிமை. தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டினார். வழிச்செலவுக்கு முன்பணம் தந்தார். அம்முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திடமிருந்து 'தலைக்காசு' பெற்றார். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்குத் தேவைப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு, உண்மையில் கடன் கைமாறும் ஆவணமாகவே பயன்பட்டது. 1901-இல் புகுத்தப்பட்ட தகரச் சீட்டு முறையில், தோட்டத்தின் எண் பொறித்த தகடே பயணியின் அடையாளமாகவும் செலவுக் கணக்காகவும் அமைந்தது.

துண்டு முறை 1921-இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922-இல் வந்தபின் ஆள்சேர்ப்புக்கு உரிமம் வேண்டியதாயிற்று. பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது தடுக்கப்பட்டது. 1939 ஆகஸ்டில் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதையே இந்திய அரசு தடை செய்தது. தோட்ட வழி அடைபட்டது. எனினும் முன்பணமும் தலைக்கணக்கும் கொண்ட ஆள்சேர்ப்பு முறை மறையவில்லை. நாற்பதாண்டுகளுக்குப்பின் வளைகுடா நாடுகளுக்கு வெல்டர்களையும் பொருத்துநர்களையும் அனுப்பும் முகவாண்மைகள் பெருகியபோது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் முகவருக்குப் பதிவை வலியுறுத்தி, அவர் பெறும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. 1922-இல் தீர்க்கப்பட்டதாகக் கருதப்பட்ட சிக்கல் 1983-இல் மீண்டும் சட்டத்தின் முன் நின்றது.

சுருட்டும் பீடியும்

உறையூரைச் சுற்றி வளர்ந்த சுருட்டுத் தொழில் திண்டுக்கல் பகுதிப் புகையிலையை நம்பியிருந்தது. 'டிரிச்சினாப்பள்ளி சுருட்டு' என்னும் பெயர் இங்கிலாந்தில் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதற்கு, 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் சாம்பலைக் கொண்டே அச்சுருட்டு இன்னதென்று துப்பறியப்படுவது போதிய சான்று. ஆனால் சுருட்டின் பெயர் கடல் கடந்த அளவுக்கு அதைச் சுற்றியவரின் நிலை எவர் கவனத்துக்கும் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நுகர்வோரின் விருப்பம் சுருட்டிலிருந்து பீடிக்கும் சிகரெட்டுக்கும் நகர்ந்தது. 1931-இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கை பீடிப் பட்டறைகளின் காற்றோட்டமின்மையையும் அங்குச் சிறுவர் உழைப்பதையும் சுட்டியது. 1944-இல் அமைக்கப்பட்ட ரேகே குழு பீடி, சுருட்டு, சிகரெட் தொழில்களுக்கெனத் தனி அறிக்கையே வெளியிட்டது.

பீடித் தொழிலின் அமைப்பு எளிமையானது. முதலாளி இலையும் தூளும் தருவார். நடுவிலுள்ள ஒப்பந்தக்காரர் அவற்றைப் பட்டறையிலோ வீடுகளிலோ பகிர்ந்தளிப்பார். சுற்றிய பீடியை ஆயிரக் கணக்கில் எண்ணிப் பெற்று, கழிவு போகக் கூலி கொடுப்பார். தொழிற்சாலைச் சட்டங்கள் ஒரு கூரையின்கீழ் உழைப்போரின் தலைகளை எண்ணியே பொருந்துவனவாக இருந்தமையால், கூரைகளைப் பெருக்கித் தலைகளைப் பிரிப்பது முதலாளிக்கு ஆதாயமாயிற்று. சென்னை மாநிலம் 1958-இல் பீடித் தொழிலிடங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பட்டறைக்குச் சட்டம் வந்தால் வேலை வீட்டுக்குப் போகும். ஒரு மாநிலத்தில் சட்டம் வந்தால் தொழில் அடுத்த மாநிலத்துக்குப் போகும். 1966-இல் நடுவண் அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவருவதற்குக் கூறிய காரணமே, மாநிலச் சட்டங்களைத் தாண்டி இத்தொழில் எளிதில் இடம்பெயர்ந்துவிடுகிறது என்பதுதான். இலை வழங்கலில் குறை, கழிவு என்று ஒதுக்கப்படும் பீடி, அதற்கான கூலி ஆகியவை பற்றிய பூசல்களைத் தீர்க்கவும் அச்சட்டத்தில் தனிப் பிரிவு தேவைப்பட்டது. வீட்டில் சுற்றும் பெண்களின் உண்மையான கூலி, அறிவித்த வீதத்தைவிட இலையின் எடையையும் கழிவு எண்ணிக்கையையும் சார்ந்திருந்தது என்பதை அப்பிரிவே ஒப்புக்கொள்கிறது.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் ஒரே நாளில் உருவாகவில்லை. 1958-இல் சிந்தாமன் ராவ் வழக்கில், மத்தியப் பிரதேசத்துப் பீடி ஒப்பந்தக்காரர்கள் தனித்தியங்கும் ஒப்பந்தக்காரர்களே என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆறாண்டுகள் கழித்து, சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம் தொடர்பான திவான் மொஹிதீன் சாகிப் வழக்கில் (1964) அதே நீதிமன்றம் எதிர்முடிவுக்கு வந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தொடர்பே இல்லை என்று எழுதிய அச்சு ஒப்பந்தங்கள் காட்டப்பட்டன. ஆனால் அந்த ஒப்பந்தக்காரர்கள் சொந்த வசதி இல்லாதவர்கள், மூலப்பொருள் முதலாளியுடையது, விலையும் அவர் குறித்தது. ஆகவே ஒப்பந்தக்காரர் என்பவர் முதலாளியின் கிளைப் பணியாளரைப் போன்றவரே, தொழிலாளர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்று தீர்ப்பாயிற்று. 1985-இல் பி.எம். பட்டேல் வழக்கில், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் வருங்கால வைப்புநிதிக்கு உரிய பணியாளர்களே என்பது உறுதியானது.

தமிழக உழைப்பு வரலாற்றில் 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு உரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை எனலாம். தாளில் உள்ள சொல்லைக் கேளாமல் இலை யாருடையது என்று அது கேட்டது.

பொன்மலை: ஒரு விதிவிலக்கு

நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது திருச்சியில் முதன்முறையாகப் பெருந்திரளான நேரடிச் சம்பளத் தொழிலாளர் உருவாயினர். அந்நிலை தானாக அமைந்ததன்று. ஆட்குறைப்பை எதிர்த்த 1928 வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். வருகைப் பதிவேட்டில் பெயர், குடியிருப்பு, ஓய்வூதியம் என்று பிற்காலத்தில் இயல்பாகத் தோன்றியவற்றுக்குப் பின்னணி இதுவே. முகவர் இல்லாத வேலை எப்படியிருக்கும் என்பதற்கு நகரின் கண்முன் இருந்த அளவுகோல் பொன்மலை. பின்னர் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் கூலியை அதனோடு ஒப்பிட்டே குறைவென்று உணர்ந்தனர்.

எஃகு டன் கணக்கில்

செக்கோஸ்லோவாகிய ஒத்துழைப்புடன் திருவெறும்பூரில் 1965-இல் இயங்கத் தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை (பாரத மிகு மின் நிறுவனம், வழக்கில் 'பெல்') அவ்வளவுகோலை மேலும் உயர்த்தியது. அதைத் தொடர்ந்து படைக்கலத் தொழிற்சாலையும் வந்தது. 1964-இல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி, 1975-இல் உருவான பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து, நகரின் கிழக்குப் பகுதி சில ஆண்டுகளில் உலோகத் தொழிலின் நிலமாயிற்று.

ஓர் அனல் மின்நிலையக் கொதிகலன் என்பது ஆலையில் முழுமையாக முடிந்து வெளிவரும் பொருளன்று. உருளைகள், தலைக்குழாய்கள், நீர்ச்சுவர்ப் பலகங்கள், தாங்கு தூண்கள், காற்றுக் குழல்கள் எனப் பல்லாயிரம் டன் உறுப்புகள் தனித்தனியே செய்யப்பட்டு மின்நிலையத்தில் பொருத்தப்படுகின்றன. இவற்றுள் உயர் அழுத்தம் தாங்க வேண்டியவை தாய் ஆலையின் நேரடிப் பொறுப்பிலும், தூண், விட்டம், காற்றுக் குழல் போன்ற கட்டமைப்பு உறுப்புகளின் பெரும்பகுதி துணைத் தொழிற்கூடங்களிலும் செய்யப்படுவதே வழக்கமாயிற்று. துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர் தொழிற்பேட்டைகளில் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் கூடங்கள் எழுந்தன. அவற்றுள் பல, பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ பழகியவர்கள் கடன் பெற்றுத் தொடங்கியவை. சுயதொழில் என்னும் சொல்லின் நற்பொருளுக்கு இவர்களே எடுத்துக்காட்டு.

இக்கூடங்களின் வேலை 'ஜாப் ஒர்க்' எனப்படும். எஃகும் வரைபடமும் தாய் நிறுவனத்திலிருந்து வரும்; வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வண்ணம் பூசிக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று மாற்றுக்கூலி கிடைக்கும். இலையும் தூளும் கொடுத்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற பீடிக் கணக்குடன் இதன் ஒப்புமை வெளிப்படை. மூலப்பொருள் பிறருடையது, அளவும் வடிவும் பிறர் குறித்தவை, கழிவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் செய்பவர். வேறுபாடும் உண்டு, அதை மறைத்தல் ஆய்வு நேர்மை ஆகாது. பீடி ஒப்பந்தக்காரரிடம் தராசும் கூடையும் மட்டுமே இருந்தன. கூட உரிமையாளரிடம் கிரேன், வளைப்பு இயந்திரம், நிலம், வங்கிக் கடன் ஆகியவை உள்ளன. அவர் உண்மையாகவே முதலிட்டவர். ஆகவே இழப்பும் உண்மையாகவே அவருடையது.

ஒப்புமை அடுத்த படியில்தான் முழுமையடைகிறது. கூட உரிமையாளரும் தம் வேலையைப் பல நேரங்களில் தாமே ஆளமர்த்திச் செய்வதில்லை. பொருத்துநர் ஒருவர், வெல்டர் இருவர், உதவியாளர் சிலர் கொண்ட குழுவின் தலைவரிடம் டன் கணக்கில் விட்டுவிடுகிறார். குழுத்தலைவரும் வெல்டரே. அண்மைக் காலத்தில் வடமாநிலங்களிலிருந்து ஆள் திரட்டி வருபவரும் அவரே. முன்பணம் தருபவரும் அவரே. கங்காணி என்னும் பெயர் மட்டுமே இங்கு இல்லை.

எனினும் வெல்டரின் நிலை பீடி சுற்றுபவரின் நிலையன்று. 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டமும் 1950-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அழுத்த உறுப்புகளில் தேர்ச்சிச் சான்று பெற்ற வெல்டரே வேலை செய்ய வேண்டும் என்றன. அச்சான்று ஒரு கடவுச்சீட்டைப் போன்றது. திருச்சியில் கூலி குறைந்தால் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் வழி சான்று பெற்றவருக்கு உண்டு. தூணும் விட்டமும் ஒட்டும் சாதாரண வெல்டருக்கு அவ்வழி குறுகலானது. உதவியாளருக்கு இல்லவே இல்லை. ஒரே கூடத்தில் ஒரே குழுவில் உள்ளவர்களிடையே பேரம் பேசும் ஆற்றல் இவ்வாறு பிளவுபட்டமை, அவர்கள் சங்கமாகத் திரள இயலாமைக்கு ஒரு காரணம் எனக் கருதலாம்.

சரிவு யார் மீது விழுந்தது

பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–12) மின்நிலைய ஆணைகள் குவிந்தன. கூடங்கள் கடன் வாங்கி விரிந்தன. அதன்பின் தனியார் மின்திட்டங்கள் தேங்கின; 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை நீக்கியது; புதிய அனல் மின் ஆணைகள் அருகின. 2011-12-இல் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாயை எட்டியிருந்த பெல் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் 2015-16-இல் கிட்டத்தட்டப் பாதியாயிற்று.

இச்சரிவு பரவிய விதமே முகவர்வழி அமைப்பின் பொருளாதாரத்தை விளக்குகிறது. தாய் நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளருக்கு ஊதிய உடன்பாடு காப்பாக நின்றது. துணைக் கூடங்களுக்கு வேலை குறைந்தது; டன்னுக்கான வீதத்தை உயர்த்தக் கோரும் நிலையை அவை இழந்தன; பலவற்றின் கடன் வாராக்கடனாகிக் கதவுகள் அடைபட்டன. கூடத்துக்கு வெளியே, குழுத்தலைவருக்கும் அவர்தம் ஆட்களுக்கும் எந்த அறிவிப்பும் தேவைப்படவில்லை. அடுத்த டன் வரவில்லை, அவ்வளவே. ஆட்குறைப்பு என்று எந்த ஏட்டிலும் பதிவாகாத ஆட்குறைப்பு அது. வேலையிழந்தவர்களுள் ஆட்டோ வாங்கியவரும் சிறு கிரில் பட்டறை வைத்தவரும் அடுத்த கணக்கெடுப்பில் 'சுயதொழில்' என்னும் பத்திக்குள் சேர்ந்தனர். சுயதொழிலின் வளர்ச்சியைத் தொழில்முனைவின் வளர்ச்சி என்று படிப்போர் இந்த இடப்பெயர்வைக் கருத்தில் கொள்வதில்லை.

சட்டத்தின் துணையும் இங்கு வரம்புக்குட்பட்டதே. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் உழைக்கும் இடங்களுக்குப் பொருந்தியது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் முதன்மை வேலையளிப்போர் தரவேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவருக்கு நிரந்தரம் என்றது. ஆனால் ஒப்பந்தக்காரர் மாறும்போது நாள்கணக்கை நிறுவும் சுமை தொழிலாளி மீதே விழுந்தது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட பணியில் இருந்தோர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராவர் என்று ஏர் இந்தியா வழக்கில் (1996) கிடைத்த தீர்ப்பு, இந்திய எஃகு ஆணைய வழக்கில் 2001 ஆகஸ்டில் மாற்றப்பட்டது. இக்காலகட்டத்திலேயே இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு 2000-01-இல் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்து 2022-23-இல் 40 விழுக்காட்டைக் கடந்தது. தீர்ப்பொன்றே இதற்குக் காரணம் எனல் மிகை. இருபதாண்டுகளாக வளர்ந்துவந்த ஒன்றுக்கு இருந்த சட்டத் தடையை அது அகற்றியது எனல் பொருந்தும்.

பத்திக்குள் அடங்காதவர்கள்

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தன் கருத்துவிளக்கத்தில், பிறர் தரும் பொருளை வீட்டிலிருந்து செய்து கொடுப்போரைச் சுயதொழில் செய்வோராகவே வகைப்படுத்துகிறது. அவர்கள் நேரடி மேற்பார்வையில் இல்லை, வேலை செய்யும் இடத்தின் வாடகையையும் விளக்குச் செலவையும் தாமே ஏற்கின்றனர், ஆகவே அவர்களிடம் உற்பத்திச் சாதனம் ஓரளவு உள்ளது என்பது அதன் வாதம். வீட்டு விளக்கின் செலவைத் தொழிலாளி ஏற்பது சுரண்டலின் அடையாளம் என்று தொழிற்சங்கங்கள் வாதிட்டன. அதே செலவு கணக்கெடுப்பில் சுதந்திரத்தின் அடையாளமாகிறது. 1964-இலும் 1985-இலும் உச்ச நீதிமன்றம் யாரைத் தொழிலாளி என்று ஏற்றதோ அவரையே கணக்கெடுப்பாளர் சுயதொழிலர் என்று குறிக்கிறார். இருவேறு நோக்கங்களுக்கு இருவேறு வரையறை இருப்பதில் தவறில்லை. தவறு, அப்பத்தியின் கூட்டுத்தொகையை எடுத்துக் கொள்கை வகுப்பதில் உள்ளது.

இப்போது அதே வினா சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி நிற்கும் இருசக்கர வண்டிகளிடம் வந்துள்ளது. உணவும் பொருளும் கொண்டு சேர்ப்போரை நிறுவனங்கள் 'கூட்டாளிகள்' என்கின்றன. வண்டியும் எரிபொருளும் கைப்பேசியும் அவர்களுடையவை. வீதமும் வேலைப் பங்கீடும் செயலியுடையவை. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் 'தொழிலாளர்' என்னும் வகைக்குள் வருவர் என்று கூறியபோது கேட்ட கேள்வி, விலையை யார் குறிக்கிறார் என்பதே. சேலம் வழக்கு அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020-21-இல் இந்தியாவில் இத்தகையோர் 77 இலட்சம் பேர். தமிழ்நாடு அரசு இவர்களுக்கெனத் தனி நலவாரியத்தை 2023 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தது. நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு பங்களிப்பைக் கோருகிறது. இரண்டும் நலத்திட்டங்கள். வேலையளிப்பவர் யார் என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20-இலிருந்து 50 ஆக உயர்த்தியுள்ளது. துவாக்குடியில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து டன் கணக்கில் வேலை எடுக்கும் குழுத்தலைவர் முன்பே உரிமத்துக்கு அப்பாற்பட்டவர். இனி அவரைப் போன்ற மூவருக்கோ நால்வருக்கோ வேலையைப் பிரித்துத் தரும் கூடமும் அக்கணக்கில் வராது.